தலைமுறைகளும் நாவல்களும்

“காலம் கெட்டுவிட்டது” என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். “உங்கள் காலம் வேறு, எங்கள் காலம் வேறு” என்று இளையவர்கள் விடை கூறவும் கேட்டிருக்கிறோம். இவ்வுரையாடல் நிகழாத வீடு இல்லை. நிகழாத நூற்றாண்டும் இல்லை. முதியவர்கள் காலத்தைக் குறை கூறும்போது பெரும்பாலும் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் குறை கூறுவார்கள். மேல்நாட்டுக் கதைகளைப் படித்துத்தான் நம் பிள்ளைகள் பெரியோர் நெறியை மறந்தார்கள் என்பதே அது. நாவல் என்னும் இலக்கிய வகை நம் நாட்டில் கால்வைத்த நாள்தொட்டு இக்குற்றச்சாட்டும் அதனுடனேயே வந்துகொண்டிருக்கிறது.

குற்றச்சாட்டு உண்மையா என்று ஆராய்வதற்குமுன் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும். மேல்நாட்டு ஒழுக்கம் என்கிறோமே, அது எந்தத் தலைமுறையின் ஒழுக்கம்? பாட்டனுடையதா, தந்தையுடையதா, மகனுடையதா? நம் வீடுகளில் நடக்கும் வழக்கே அவர்கள் வீடுகளிலும் நடந்தது என்பதை அவர்கள் நாவல்களே காட்டுகின்றன. அவ்வழக்கு அங்கே எவ்வாறு நடந்தது, அந்நாவல்களைப் படித்த நம்மவர் அவற்றிலிருந்து எதனை எடுத்துக்கொண்டனர் என்பதை இன்று காண்போம்.

இதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரெயிலில் ஏறினால் போதும். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் 1931ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆறு ஆண்டுகள் கழித்து, 1937ஆம் ஆண்டில், அந்தப் பாதையின் ஒரு முனையில் இருந்த ஒரு கல்லூரி மறுமுனைக்கே குடிபெயர்ந்தது. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் வளர்ந்த சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி, தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டிற்கு வந்து சேர்ந்தது. இன்றும் அங்கே மரங்கள் சூழ நின்று விளங்குகிறது. தமிழ் நாவலின் முதல் தலைமுறையைச் சேர்ந்த இருவர் இக்கல்லூரியின் மாணவர்கள். ஒருவர் வத்தலக்குண்டு ராஜமையர். மற்றவர் பெருங்குளம் மாதவையா. இருவரும் 1872ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். ஆங்கில நாவல் தமிழ் மாணவன் நெஞ்சில் என்ன செய்தது என்று அறிய விரும்புவோர்க்கு இவ்விருவரினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

முதலில் அவர்கள் காலம்வரை மேல்நாட்டு நாவல் நடந்துவந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1740ஆம் ஆண்டில் ரிச்சர்ட்ஸன் ‘பமேலா’ என்னும் நாவலை வெளியிட்டார். ஒரு பணிப்பெண்ணை அவளுடைய எசமானன் கெடுக்க முயல்கிறான். அவள் உறுதியாக நிற்கிறாள். இறுதியில் அவனே அவளை மணந்துகொள்கிறான். கற்புக்குக் கிடைத்த பரிசு என்பது நூலின் கருத்து. தன்னைக் கெடுக்க வந்தவனையே கணவனாகப் பெறுவது பரிசாகுமா என்ற கேள்வி இன்றைய மாணவனுக்கு உடனே எழும். அந்நாளில் அக்கேள்வியை எழுப்பியவர் சிலரே. 1766ஆம் ஆண்டில் கோல்ட்ஸ்மித் எழுதிய ‘வேக்பீல்டுப் பாதிரியார்’ கதையிலும் ஒரு மகள் ஏமாற்றப்படுகிறாள். பொய்த் திருமணம் என்று எண்ணியது சட்டப்படி செல்லுபடியானதே என்று கதை முடிவில் தெரியவருகிறது. குடும்பத்தின் மானம் காப்பாற்றப்படுகிறது. மணம் நிகழ்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அத்தலைமுறையின் நம்பிக்கை.

அடுத்த நூற்றாண்டில் இந்நம்பிக்கை மெல்ல மெல்ல அசைகிறது. 1813ஆம் ஆண்டில் ஜேன் ஆஸ்டின் படைத்த எலிசபெத், தாய் வற்புறுத்தியும், குடும்பச் சொத்து கைவிட்டுப் போகும் நிலை இருந்தும், தன்னால் மதிக்க முடியாத ஒருவனை மணக்க மறுக்கிறாள். 1847ஆம் ஆண்டில் ஷார்லட் பிராண்டி படைத்த ஜேன் அயர், தான் காதலிக்கும் மனிதனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்று அறிந்தவுடன் அவனை விட்டுப் போகிறாள். அவளுக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை, கையில் பொருளும் இல்லை, ஆயினும் போகிறாள். அவள் திரும்பி வருவது அவன் மனைவி இறந்த பிறகு. அதுவும் தனக்கென்று ஒரு சொத்து வந்த பிறகு. மேல்நாட்டு நாவல் கட்டவிழ்ந்த ஒழுக்கத்தைப் போதிக்கிறது என்று சொல்பவர்கள் இந்நூலை ஒருமுறை படிக்க வேண்டும். இதில் உள்ள கண்டிப்பு நம் பாட்டிமார் கண்டிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

அந்நாட்டுச் சட்டமும் அவ்வாறே இருந்தது. 1857ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மணவிலக்குச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். மனைவி நெறி தவறினாள் என்று மெய்ப்பித்தாலே கணவன் விலக்குப் பெறலாம். கணவன் நெறி தவறினான் என்று மட்டும் காட்டி மனைவி விலக்குப் பெற முடியாது. கொடுமை, கைவிட்டுப் போதல் முதலான வேறொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒரே தவறுக்கு இரண்டு அளவுகோல்கள். இவ்வேறுபாடு நீங்க 1923ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் படிப்படியாகவே கிடைத்தது.

சட்டம் மாறுவதற்கு 32 ஆண்டுகள் முன்பே, 1891ஆம் ஆண்டில், இந்த இரண்டு அளவுகோல்களையும் ஒரு நாவலாசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தினார். அவர் தாமஸ் ஹார்டி, நாவல் ‘டெஸ்’. டெஸ் ஓர் ஏழைக் குடும்பத்துப் பெண். செல்வன் ஒருவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். பிறந்த குழந்தையும் இறந்துபோகிறது. பின்னர் ஏஞ்சல் என்னும் இளைஞன் அவளைக் காதலித்து மணக்கிறான். மணநாள் இரவில் அவன் தன் பழைய தவறு ஒன்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். அவள் மனமுவந்து மன்னிக்கிறாள். அந்தத் துணிவில் அவளும் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். அவனால் மன்னிக்க முடியவில்லை. அவளை விட்டுப் பிரிகிறான்.

இந்த ஏஞ்சல் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் ஒரு பாதிரியாரின் மகன். தந்தையின் சமயக் கொள்கைகள் பழமையானவை என்று ஒதுக்கியவன். புதிய நூல்களைப் படித்தவன். தன்னைப் புதுயுகத்தின் மனிதன் என்று எண்ணிக்கொண்டவன். அப்படிப்பட்டவனுடைய நெஞ்சில்தான் இரக்கம் பிறக்கவில்லை. அவன் பழமைவாதிகள் என்று எண்ணிய பெற்றோரோ, வீழ்ந்தவர்கள்பால் இரங்கும் இயல்பினர். டெஸ் அவர்களிடம் நேரே சென்றிருந்தால் அவளை ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும் என்பதை ஹார்டி குறிப்பாக உணர்த்துகிறார். புதிய கருத்து வேறு, புதிய நெஞ்சம் வேறு என்னும் உண்மையை இதனினும் கூர்மையாகச் சொல்வது கடினம். கருத்து நூல்களைப் படித்துப் பெறக்கூடியது. நெஞ்சம் அவ்வளவு எளிதில் மாறுவதன்று.

இன்னொரு செய்தியும் இந்நாவலில் உண்டு. கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய டெஸ், ஆண்களிடத்தில் உள்ள ஆபத்தை முன்னரே ஏன் சொல்லவில்லை என்று தாயைக் கேட்கிறாள். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் நாவல்களைப் படித்து அதனை அறிந்துகொள்கிறார்கள்; தனக்கு அவ்வாய்ப்பும் இல்லையே என்று வருந்துகிறாள். நாவல் கெடுக்கும் என்று அஞ்சுபவர்களுக்கு ஹார்டி சொல்லும் விடை இது: அறியாமையே கெடுக்கிறது. ஆயினும் அந்நாளில் இந்நாவலை வெளியிட்ட குடும்ப வார இதழ் பல பகுதிகளை நீக்கியும் மாற்றியுமே வெளியிட்டது. 1895ஆம் ஆண்டில் அவர் எழுதிய அடுத்த பெரிய நாவலாகிய ‘ஜூட்’ கடுமையான எதிர்ப்பைக் கண்டது. அதன்பின் அவர் புது நாவல் எழுதுவதையே விட்டுவிட்டுக் கவிதைக்குத் திரும்பினார்.

இங்கிலாந்தில் மட்டும் இவ்வழக்கு நடக்கவில்லை. ருஷ்ய நாட்டில் 1862ஆம் ஆண்டில் டர்கனீவ் எழுதிய நாவலின் பெயரே ‘தந்தையரும் மக்களும்’ என்பது. அதில் வரும் இளைஞன் பசாரவ், பெரியோர் போற்றிய எதனையும் ஏற்க மறுப்பவன். அவன் நண்பன் அர்க்காடியின் தந்தை, தம் வீட்டில் வாழும் எளிய பெண்ணொருத்தியோடு மணமின்றிக் குடும்பம் நடத்தி ஒரு குழந்தையும் பெற்றிருக்கிறார். படித்துத் திரும்பிய மகன்முன் அதனைச் சொல்ல அவர் நாணுகிறார். மகனோ அதனைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்கிறான். வழக்கமாகப் பிள்ளை தந்தையிடம் மன்னிப்பு வேண்டி நிற்பான். இங்கே தந்தை பிள்ளையிடம் நிற்கிறார். அதே நாவலின் இறுதியில், எல்லாவற்றையும் மறுத்த பசாரவின் கல்லறைக்கு அவனுடைய முதிய பெற்றோர் தள்ளாடி வந்து அழும் காட்சியும் இருக்கிறது. டர்கனீவ் எந்தத் தலைமுறைக்கும் வக்கீலாக நிற்கவில்லை.

ஆகவே மேல்நாட்டு ஒழுக்கம் என்று ஒற்றை வடிவம் ஒன்று இல்லை. அங்கே நடந்தது நீண்ட வழக்கு. அவ்வழக்கு நடந்த மன்றம் நாவல். இதனை மனத்தில் கொண்டு சென்னைக்குத் திரும்புவோம்.

1862ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டினரான வில்லியம் மில்லர் சென்னைக்கு வந்தார். 1837ஆம் ஆண்டில் ஒரு பள்ளியாகத் தொடங்கிய நிறுவனத்தை அவர் பெருங்கல்லூரியாக வளர்த்தார். 1877 முதல் அது சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. மில்லர் ஷேக்ஸ்பியரை நடத்தியவர். ‘லியர் மன்னன்’, ‘மாக்பெத்’, ‘ஒதெல்லோ’ முதலிய நாடகங்களைப் பற்றி இந்திய மாணவர்களுக்கென்றே நூல்கள் எழுதினார். அவற்றில் அவர் பெரிதும் வற்புறுத்தியது ஒழுக்கப் பாடமே. நன்மை தீமைகளின் விளைவு எப்படி ஒரு மனிதனையும் ஒரு சமுதாயத்தையும் சென்று சேர்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. ஆங்கில இலக்கியம் அக்கல்லூரி மாணவர்களுக்கு வந்து சேர்ந்த வடிவம் இது, கேளிக்கையாக வரவில்லை.

அவ்வகுப்புகளில் இருந்த இளைஞர்களின் வீட்டு நிலை எவ்வாறிருந்தது? மாணவர் பலர் கல்லூரிக்கு வருமுன்பே மணமானவர்கள். வீட்டிலே மனைவி சிறுமி, பெரும்பாலும் எழுத்தறியாதவள். பகலில் ஜேன் அயரின் மன உறுதியைப் பற்றிப் படித்தவன், மாலையில், பன்னிரண்டு வயதில் விதவையாகி மூலையில் உட்கார்ந்திருக்கும் தங்கையைக் காண்பான். 1856ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைகளின் மறுமணத்தை அனுமதித்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் திறந்த கதவு வீட்டில் திறக்கவில்லை.

அக்கதவைத் தம் கையாலேயே திறந்த தந்தை ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். ‘இந்து’ பத்திரிகையையும் ‘சுதேசமித்திர’னையும் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையில் விதவையான தம் மகளுக்கு 1889ஆம் ஆண்டில் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். உறவினரும் ஊராரும் அவரை ஒதுக்கினர். துணிவு எப்போதும் இளைஞர்க்கே உரியது என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். இச்செயலைப் புரிந்தவர் மகன் அல்லர், தந்தை.

1891ஆம் ஆண்டு ஹார்டியின் ‘டெஸ்’ வெளிவந்த ஆண்டு என்று கண்டோம். அதே ஆண்டில் இந்தியாவில் இசைவு வயதுச் சட்டம் நிறைவேறியது. மணமான பெண்ணாயினும் 12 வயது நிறையுமுன் கணவன் அவளைக் கூடுதல் குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. அதற்குமுன் எல்லை 10 வயதாக இருந்தது. வங்காளத்தில் பூல்மணி என்னும் சிறுமி கணவனால் மாண்டதே அச்சட்டத்திற்கு உடனடிக் காரணம். நாடெங்கும் இதனைப் பற்றிக் கடும் வாதம் எழுந்தது. சாத்திரத்தில் அயலார் அரசு தலையிடலாமா என்று பெரியவர்கள் பலர் எதிர்த்தனர். அப்போது ராஜமையருக்கும் மாதவையாவுக்கும் ஏறத்தாழ 19 வயது.

மறு ஆண்டில், 1892இல், ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடர்கதை தொடங்கியது. எழுதியவர் மாதவையா. அது இடையிலே நின்றுபோயிற்று. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டில், அது ‘முத்துமீனாட்சி’ என்னும் நாவலாக உருப்பெற்றது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் மணமாகி, கைம்மை எய்திய ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். இறுதியில் அவள் மறுமணம் செய்துகொள்கிறாள். அதுவரை விதவையைப் பற்றிப் பிறர் பேசினார்கள். சாத்திரிகள் பேசினார்கள், சீர்திருத்தக்காரர்களும் பேசினார்கள். இங்கே அவளே பேசுகிறாள். ஜேன் அயர் தன் கதையைத் தானே சொன்னதுபோல என்று ஒப்பிடலாம். மேல்நாட்டு நாவலிலிருந்து மாதவையா பெற்ற பெரிய கொடை, பேச உரிமையற்றவளின் வாயில் கதையை வைக்கும் இம்முறையே எனலாம். கதையின் துயரம் மேல்நாட்டிலிருந்து வந்ததன்று. அது அடுத்த வீட்டில் இருந்தது.

மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வெளிவரத் தொடங்கியது. அதில் அவர் காட்டும் இலட்சியம் கல்வி கற்ற மனைவி, அவளைத் தோழியாக மதிக்கும் கணவன் என்பது. ஆயினும் அந்தப் படித்த கணவனே பொய்யான ஐயத்திற்கு இடங்கொடுத்து மனைவியைத் துன்புறுத்துகிறான். ஏஞ்சலின் நோய் இவனுக்கும் உண்டு. இரு நூல்களும் ஒரே பத்தாண்டில் எழுந்தவை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரே வகை மாறுதலுக்கு ஆளான இரண்டு சமுதாயங்கள் ஒரே வகை மனிதனைத் தோற்றுவித்தன என்றே சொல்கிறேன். அறிவு ஒரு தலைமுறை முன்னால் ஓட, உணர்ச்சி ஒரு தலைமுறை பின்தங்கி நிற்கும் மனிதன் அவன்.

ராஜமையரின் வழி வேறு. 1893 முதல் அதே பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்த அவருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ சிறுகுளம் என்னும் கிராமத்தின் வாழ்வைக் காட்டுகிறது. ஊர்ப் பெண்களின் வம்பும் புறங்கூறலும் ஒரு நல்ல குடும்பத்தை எவ்வாறு சிதைக்கின்றன என்பதை நகைச்சுவையோடும் வேதனையோடும் சொல்கிறது. ஆனால் முத்துஸ்வாமி ஐயர் தம் துன்பத்திற்கு விடை தேடுவது சமுதாயத்தைத் திருத்துவதில் அன்று. தம்முள் திரும்பி மெய்ப்பொருளை நாடுவதில். ராஜமையர் பின்னர் ‘பிரபுத்த பாரதா’ என்னும் ஆங்கில வேதாந்த இதழின் ஆசிரியராக விளங்கி, 1898ஆம் ஆண்டில் 26 வயதிலேயே மறைந்தார்.

ஒரே ஆண்டில் பிறந்தார்கள். ஒரே கல்லூரியில் பயின்றார்கள். ஒரே பத்திரிகையில் எழுதினார்கள். ஒருவர் சீர்திருத்தத்திற்கும் மற்றவர் வேதாந்தத்திற்கும் சென்றார்கள். ஆங்கில நாவல் ஓர் அச்சாக இருந்து எல்லாரையும் ஒரே உருவில் வார்த்தது என்றால் இது எவ்வாறு நிகழும்? கல்வி இவர்களுக்குக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தது. அதில் எதைப் பார்ப்பது என்பதை அவரவர் நெஞ்சமே முடிவு செய்தது. தம் மொழியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. மாதவையா 1925ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப் படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று பேசிய அன்றே, அம்மன்றத்திலேயே உயிர் நீத்தார்.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறத் தொடங்கியது. ஆறு வயது நிறையுமுன்னே மணமுடிக்கப்பெற்ற வை. மு. கோதைநாயகி அம்மாள் நாவலாசிரியராக உயர்ந்து, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார். பெண்ணைப் பற்றி எழுதிய காலம் போய்ப் பெண்ணே எழுதும் காலம் வந்தது. 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 என்றும் ஆணின் மண வயதை 18 என்றும் வரையறுத்தது. இவ்வெல்லைகள் 1978ஆம் ஆண்டில் 18, 21 என உயர்ந்தன. இதற்கிடையே தாம்பரம் வரை ஓடிய ரெயில், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களைப் புறநகர்களாக வளர்த்தது. கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தாயும் தந்தையும் குழந்தைகளுமாகச் சிறு வீடுகளில் வாழ்வோர் பெருகினர். பெண்கள் தனியே ரெயிலேறிக் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் சென்றனர். சாத்திரம் பேசாத இரும்புப் பாதையும் பழக்கங்களை மாற்றத்தான் செய்தது.

புதிய சூழ்நிலையில் பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்தது. 1943ஆம் ஆண்டில் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ என்னும் சிறுகதையை எழுதினார். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்ட அகலிகை, மீண்டும் கல்லாகிவிடுகிறாள். தன்னை மன்னித்தவனே தன் மனைவியிடம் சான்று கேட்டான் என்பதை அவள் நெஞ்சம் தாங்கவில்லை. ஒரே தவறுக்கு இரண்டு அளவுகோல்கள் என்று ஹார்டி எழுப்பிய வழக்கைப் புதுமைப்பித்தன் நம் இதிகாசத்திலிருந்தே எழுப்பினார்.

1966ஆம் ஆண்டில் ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தியைச் செல்வ இளைஞன் ஒருவன் தன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து தாயிடம் அழுகிறாள். அத்தாய் ஒரு விதவை. பழைய ஆசாரத்தில் வளர்ந்தவள். பெரிய படிப்பு இல்லாதவள். முதலில் சினமும் துயரமும் அவளை ஆட்கொள்கின்றன. பின்னர் அவள் மகளை அழைத்துச் சென்று தலையில் குடம் குடமாக நீர் ஊற்றுகிறாள். நீ தூயவள், உன்மேல் எந்தக் கறையும் இல்லை, இதனை யாரிடமும் சொல்லாதே என்று தேற்றுகிறாள். சீதைக்கு நெருப்பு, இவளுக்கு நீர்.

இக்கதையைப் படித்த வாசகரிடையே பெரும் எதிர்ப்பும் வாதமும் எழுந்தன. அவ்வாதத்திற்கு விடையாக ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலை எழுதினார். அது 1970இல் நூலாகி, 1972ஆம் ஆண்டில் சாகித்திய அகாடமிப் பரிசும் பெற்றது. இந்நாவலில் வரும் தாய் நீர் ஊற்றவில்லை. கூச்சலிட்டு ஊரறியச் செய்துவிடுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அவள் படித்து உயர்ந்த உத்தியோகம் பெற்றும் அந்த ஒரு மாலையின் நிழலிலிருந்து விடுபட முடியவில்லை. முதலில் எழுதிய சிறுகதையே இந்நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாகவும் வருகிறது. நீரை ஊற்றிய தாய் ஒருத்தி; ஊற்றத் தவறிய தாய் ஒருத்தி. இருவருக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு குடம் தண்ணீர். ஆனால் அதற்குள் ஒரு பெண்ணின் வாழ்வு முழுதும் அடங்கிவிடுகிறது.

‘டெஸ்’ நாவலுக்கும் ‘அக்கினிப் பிரவேச’த்திற்கும் இடையே 75 ஆண்டுகள். டெஸ்ஸின் தாயும் மகளுக்கு எழுதிய கடிதத்தில், நடந்ததைக் கணவனிடம் சொல்லாதே என்றுதான் அறிவுரை கூறினாள். இரு தாய்மாரும் சொன்னது ஒன்றே; சொன்ன நோக்கம் வேறு. டெஸ்ஸின் தாய் சொன்னது உலக அனுபவத்தில் விளைந்த சாதுரியம்: மகளுக்குக் கிடைத்த நல்ல இடம் கைநழுவிப் போகக் கூடாது என்பது. ஜெயகாந்தன் காட்டும் தாய் சொன்னது, மகள் தன்னைத்தானே இழிவாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. தலைமுழுக்கு என்பது எவ்வளவு பழைய சடங்கு! தீட்டைக் கழிக்கவே அதனைக் கையாண்டு வந்தோம். அதே சடங்கைக் கொண்டு தீட்டே இல்லை என்று அறிவித்துவிட்டாள் அந்த முதியவள். ஆசிரியர் ஜெயகாந்தனோ கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். புதிய அறம் மேல்நாட்டிலிருந்து கப்பலேறித்தான் வர வேண்டும் என்பதில்லை. நம் கிணற்றடியிலும் அது சுரக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மாணவ நண்பர்களே, இப்போது முதலில் எழுப்பிய குற்றச்சாட்டுக்கு வருவோம். நாவல்கள் நம் இளைஞரை மாற்றவில்லை என்று நான் வாதிடவில்லை, மாற்றியிருக்கின்றன. மாதவையாவைப் போன்றவர்கள் ஆங்கில நூல்களைப் படித்திராவிட்டால், அடுத்த வீட்டு விதவையின் துன்பத்தை விதி என்று ஏற்றுக்கொண்டு கடந்து சென்றிருக்கவும் கூடும். ஆயின் அவர்கள் கற்றது மேல்நாட்டு வழக்கம் அன்று. தம் வீட்டு வழக்கத்தை வெளியே நின்று பார்க்கும் பயிற்சியையே கற்றார்கள். மேல்நாட்டினர் தம் வழக்கத்தைத் தாமே அவ்வாறு பார்த்து, குறை கண்டு, சண்டையிட்டுத் திருத்த முயன்றதைக் கற்றார்கள்.

இளைஞர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மாறுவதெல்லாம் வளர்ச்சி ஆகாது. பழையதெல்லாம் கொடுமையும் ஆகாது. ஏஞ்சல் படித்தவன், கைவிட்டான். நீர் ஊற்றிய தாய் படிக்காதவள், காத்தாள். மகளுக்கு மறுமணம் செய்வித்து ஊராரின் ஒதுக்கலைத் தாங்கியவர் ஒரு தந்தை. தந்தையின் நாணத்தைப் போக்கியவன் ஒரு மகன். இரக்கம் எந்தத் தலைமுறையின் தனிச் சொத்தும் அன்று. ஆகவே ஒரு நாவலைப் படிக்கும்போது, இது புதுமையா பழமையா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். இக்கதையில் ஒருவர் செய்த தவறுக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும், செல்வனுக்கும் ஏழைக்கும் அளவுகோல் ஒன்றுதானா என்று கேளுங்கள். 1740ஆம் ஆண்டின் பமேலா முதல் இவ்வாரம் வெளிவரும் கதைவரை எல்லாவற்றையும் இக்கேள்விகளைக் கொண்டு நீங்களே எடைபோடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் காலத்து நாவல்களையும் ஒருநாள் உங்கள் பிள்ளைகள் படிப்பார்கள். ‘பமேலா’வைப் படித்து நாம் வியப்பதுபோல், இதனை எல்லாம் இவர்கள் எவ்வாறு இயல்பென்று ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர்களும் வியப்பார்கள். எதைக் கண்டு வியப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. நம் கண்ணுக்குப் படாத கொடுமை ஒன்று நம்மிடமும் இருந்தே தீரும். அதனை இன்றே தேடத் தொடங்குவது நல்லது. ‘முத்துமீனாட்சி’யையும் ‘அக்கினிப் பிரவேச’த்தையும் ஒருசேர எடுத்து ஒரு விடுமுறையில் படியுங்கள். படித்து முடித்தபின் உங்கள் வீட்டில் உள்ள பாட்டியின் அருகே சென்று உட்கார்ந்து, அவர் இளமையில் கண்டவற்றைக் கேளுங்கள். அச்சேறாத கதைகளும் அங்கே இருக்கும்.